அண்ணன் தம்பிக்கு வழிவிட்ட காரணம்

2025 மார்ச் 2. தாய்லாந்தின் புரிராம் திடலில் அந்த ஆண்டின் முதல் மோட்டோஜிபி கிராண்ட் பிரீ பந்தயம். டுகாட்டியின் தொழிற்சாலை அணிக்காக மார்க் மார்க்கெஸ் இறங்கும் முதல் கிராண்ட் பிரீயும் அதுதான். தொடக்கத்திலிருந்தே முன்னால் பறந்துகொண்டிருந்தவர், 7-வது சுற்றில் திடீரென்று வேகத்தைத் தளர்த்தி, பின்னால் வந்த தம்பி அலெக்ஸை முன்னே விட்டார். பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எஞ்சின் கோளாறா, தம்பிப் பாசமா?

இரண்டுமில்லை. முன்டயரில் அழுத்தம் குறைவாக இருந்தது. தம்பியின் பைக்கை ஒட்டிப் பல சுற்றுகள் ஓட்டி, டயரைச் சூடாக்கி, அழுத்தத்தை ஏற்றிக்கொண்டார். பந்தயம் முடிய சில சுற்றுகளே இருந்தபோது முந்திப் போய் வென்றார்.

ஓடிக்கொண்டிருக்கும் பைக்கில் காற்றடிக்க முடியாது. ஆனால் சூடேற்ற முடியும். முன்னால் போகிற பைக்கின் பின்னால் சூடான, கலங்கிய காற்றுதான் கிடைக்கும். முன்டயருக்கு வேண்டிய குளிர்ச்சி அதில் இல்லை. தனியாக முன்னால் ஓடுபவருக்கோ முகத்தில் புதுக்காற்று, டயர் ஆறிவிடும். அதனால் கூட்டத்துக்கு நடுவே ஓடுபவருக்குக் கணக்குப் பண்ணி வைத்த காற்று, அவரே முதலிடத்துக்கு வந்துவிட்டால் போதாமல் போகிறது. பந்தயம் எப்படிப் போகும் என்று கிளம்பும் முன்பே ஊகித்துக் காற்று வைக்கும் மெக்கானிக்கின் பாடு ஜோசியர் பாடுதான்.

ஊகம் தப்பினால் தண்டனை பெரியது. முன்டயரில் குறைந்தபட்சம் 1.8 பார், அதாவது சுமார் 26 பிஎஸ்ஐ, இருக்க வேண்டும். முழுப் பந்தயத்தில் 60 சதவீதச் சுற்றுகளிலாவது அந்த அளவுக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். தவறினால் 16 விநாடி அபராதம். அதே 2025 ஏப்ரலில் கத்தாரில் மேவரிக் வின்யாலெஸ் இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினார். அந்த இடம், சக்கரத்துக்குள் இருந்த ஒரு சின்ன சென்சார் சொன்ன கணக்கால் பறிபோனது. முடிவுப் பட்டியலில் அவருக்கு 14-வது இடம்.

அப்படியென்றால் காற்றைத் தாராளமாக வைத்துவிடலாமே? முடியாது. அழுத்தம் ஏற ஏற டயர் விறைத்து, தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதனால்தான் அணிகள் குறைந்தபட்சத்தின் விளிம்பிலேயே நிற்கப் பார்க்கின்றன. அதற்கும் கீழே போனால் டயரின் உடற்கூடு தாங்காது என்பது டயர் தரும் மிஷெலினின் கவலை.

சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்: கனஅளவு மாறாத வாயுவின் அழுத்தம், வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் ஏறும். இதை நம்மூர் பைக்குக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் 27 டிகிரியில் பின்டயருக்கு 36 பிஎஸ்ஐ வைக்கிறோம். கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் உண்மையில் உள்ளே இருப்பது 50.7. வெப்பநிலையை கெல்வினில் சொன்னால் 300. ஓடி ஓடி உள்காற்று 57 டிகிரியை, அதாவது 330 கெல்வினை, எட்டினால் இரண்டும் 10 சதவீதம் ஏறும். 50.7 இப்போது 55.8. கேஜில் சுமார் 41. ஒரு சொட்டுக் காற்றும் சேர்க்காமல் 5 பிஎஸ்ஐ கூடிவிட்டது.

இந்தச் சூடு தார்ச்சாலையிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடுமல்லவா, டயரும் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் நசுங்கி நிமிர்ந்து அப்படித்தான் சுடுகிறது. காற்று குறைவாக இருந்தால் நசுங்கல் அதிகம், சூடும் அதிகம். விளைவு, கொஞ்சம் விசித்திரமானது. ஓட்டத்தின்போது அழுத்தம் வழக்கத்தைவிட நிறைய ஏறுகிறது என்றால், பெரும்பாலும் கிளம்பும்போது காற்று குறைவாக இருந்தது என்று பொருள். சூட்டில் எண் ஏறியிருக்கிறதே என்று வழியில் நிறுத்திக் காற்றை இறக்குபவர், குறைவாக இருந்ததை இன்னும் குறைக்கிறார். கம்பெனிக் கையேடு சொல்லும் அளவு, ஆறிய டயருக்கானது.

இந்த அழுத்தத்தை ஓடும்போதே அளந்து வண்டியின் திரைக்கு அனுப்புவது சக்கரத்தில் பொருத்தும் சென்சார். அதில் அழுத்தத்தை அளப்பது மெல்லிய சிலிக்கான் சவ்வு. காற்று அதை அழுத்தினால் சவ்வு வளையும், அதில் பதித்த மின்தடைகளின் அளவு மாறும். சிலிக்கானின் இந்தக் குணத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சார்லஸ் ஸ்மித் 1954-ல் வெளியிட்டார். ஆனால் சிலிக்கான் சூட்டுக்கும் ஆடும். எனவே பிழை திருத்த, பக்கத்திலேயே வெப்பநிலையையும் அளந்தாக வேண்டும். திரையில் அழுத்தத்தோடு வெப்பநிலையும் தெரிவது பாதி இதன் உபயம். கூடவே ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு குட்டி ரேடியோ. பேட்டரியை மிச்சம் பிடிக்க, சக்கரம் சுழலாதபோது சென்சார் தூங்கிவிடும். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போகும்வரை திரையில் வெறும் கோடுகள் தெரிவது அதனால்தான்.

திரையில் தெரியும் வெப்பநிலை எதனுடையது என்பதும் முக்கியம். சக்கரத்துக்குள் இருக்கும் சென்சார், ரிம்மை ஒட்டிய காற்றின் சூட்டைச் சொல்கிறது. சாலையைத் தொடும் ரப்பரின் மேற்பரப்பு வளைவில் சாயும் நொடியில் எகிறி, நேர்ச்சாலையில் இறங்கிவிடும். அதைப் பிடிக்க அகச்சிவப்புக் கதிரை உணரும் சென்சார்களை டயரை நோக்கி வைத்து, அதன் அகலத்தைப் பல புள்ளிகளாகப் பிரித்து அளக்கிறார்கள். வால்வில் மூடிபோலத் திருகும் மலிவு வகையோ எதிர்காற்றிலேயே சுழல்கிறது. அது காட்டும் டிகிரியை வைத்து டயரை எடைபோட முடியாது. அழுத்தத்துக்கு மட்டும் அதை நம்பலாம்.

அந்த மூடி வகைக்கு இன்னொரு வம்பும் உண்டு. 17 அங்குலச் சக்கரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், 10 கிராம் மூடியை மையவிலக்கு விசை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடைபோல இழுக்கிறது. வயதான ரப்பர் வால்வு தண்டு இதில் வளைந்து வளைந்து வெடிக்கலாம். போட்டே ஆக வேண்டும் என்றால் உலோக வால்வுக்கு மாறிக்கொள்வது நல்லது. ட்யூப் டயர்க்காரர்களுக்கு இந்த மூடியை விட்டால் பெரும்பாலும் வேறு வழியில்லை என்பது பரிதாபம்.

பங்கில் காற்றடிப்பவரின் கேஜுக்கும் வண்டியின் திரைக்கும் சண்டை வருவது இன்னொரு கதை. பிஎம்டபிள்யூ பைக்குகளின் திரை, உள்காற்று 20 டிகிரியில் இருந்தால் அழுத்தம் எவ்வளவோ அதைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. நெடுஞ்சாலையில் எவ்வளவு சூடானாலும் அந்த எண் அசைவதில்லை. பங்க் கேஜ் கூடுதலாகக் காட்டும். இரண்டும் பொய் சொல்லவில்லை. கூடுதலாகத் தெரிகிறதே என்று இறக்கினால்தான் தவறு.

மலையேறினால் குழப்பம் முற்றும். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் காற்றடித்து, 2,240 மீட்டர் உயர ஊட்டியில் இரவு நிறுத்தி, காலை 15 டிகிரியில் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். குளிரால் உள்ளே 3 பிஎஸ்ஐக்குச் சற்று மேல் இறங்கும். ஆனால் அங்கே வெளிக்காற்றின் அழுத்தமும் கிட்டத்தட்ட அதே அளவு குறைவு. ஆகவே கையில் பிடிக்கும் கேஜ் பழைய எண்ணையே காட்டும். சென்சார் சிப்போ பெரும்பாலும் மொத்த அழுத்தத்தை அளப்பது. வெளிக்காற்றுக்காக ஒரே நிலையான எண்ணைக் கழிக்கும் கருவியானால், 3 பிஎஸ்ஐ போய்விட்டது என்று அலறும்.

அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து புதிய கார்களுக்கு அழுத்தக் கண்காணிப்பு கட்டாயம். மோட்டார் சைக்கிள்களுக்கு அந்த விதி இல்லை. நான்கு சக்கரத்தில் ஒன்று இறங்கினால் சமாளிக்கலாம், இரண்டில் ஒன்று இறங்கினால் ஆள் கீழே. சட்டம் எழுதியவர்கள் தலைகீழாக யோசித்துவிட்டதாகவே தோன்றுகிறது. இங்கே ஓசூரில் தயாராகும் ஏதர் மின்ஸ்கூட்டருக்கு விருப்பத் துணைக்கருவியாக இது கிடைக்கிறது.

சாலையில் ஓட்டுபவருக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ துல்லியம் பெரிதில்லை. ஆணி குத்தி மெல்ல இறங்கும் காற்றை, ஹேண்டில் ஆடத் தொடங்கும் முன்பே சொன்னால் போதும். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும் முன், உள்ளே சென்சார் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். கடப்பாரை லிவர் ஒருமுறை தவறிப் பட்டால் அது உடைந்துவிடும். பஞ்சர் அடைக்க ஊற்றும் திரவமும் அதன் சின்னத் துளையை அடைத்துவிடக்கூடும். உள்வகையில் பெரும்பாலும் பேட்டரியை மாற்ற முடியாது, சில ஆண்டுகளில் அது தீர்ந்ததும் சென்சாரையே மாற்ற வேண்டும். புது டயர் போடும் நாளிலேயே அதையும் முடித்துவிட்டால் கழற்றும் கூலி ஒருமுறையோடு போகும்.