மழை நுழையாத கல்லறை

அயர்லாந்தின் பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது நியூகிரேஞ்ச் கல்லறை மேடு. வயது 5,000 ஆண்டுகளுக்கும் மேல். கிசா பிரமிடுகளுக்கே மூத்தது. 1962 முதல் 1975 வரை பேராசிரியர் மைக்கேல் ஓகெல்லி இங்கே அகழாய்வு நடத்தினார். கூரைக் கற்களின் மேல்பக்கத்தில் மழைநீர் வழிந்தோட வாய்க்கால் போலப் பள்ளம் செதுக்கியிருந்தார்கள். கல்லிடுக்குகளைச் சுட்ட மண்ணும் கடல் மணலும் வைத்து அடைத்திருந்தார்கள். உலோகமே அறியாதவர்களின் கைவேலை, எத்தனை நேர்த்தி! உள்ளறை இன்றும் ஒழுகுவதில்லை. கல்லறையின் காலத்தைக் கணிக்கவும் அந்தச் சுட்ட மண்ணே உதவியது. வாசலுக்கு மேலே சிறு திறப்பு ஒன்று. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் காலை வெயில் அதன் வழியே நுழைந்து, 19 மீட்டர் நீளப் பாதையைக் கடந்து அறைக்குள் விழும். 1967-இல் ஓகெல்லி அதை நேரில் கண்டார். இப்போது அதைப் பார்க்கக் குலுக்கல் முறையில்தான் இடம் தருகிறார்கள்.