‘ஆஸ்துமா’: அசையும் ஒலிப்பும்

பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் மூச்சிரைப்பு நோயைச் சுட்ட ‘இளைப்பு’ என்னும் சொல்லும் வழங்குகின்றது. ‘ஆஸ்துமா’ என்னும் சொல்லும் வழங்குகின்றது. பின்னதை எழுத்தறியாதாரும் தடையின்றி ஒலிக்கின்றனர். ஆங்கிலம் கற்றாருட் சிலர் அதனை ‘ஆஸ்மா’ எனத் திருத்துகின்றனர். ‘ஆஸ்த்மா’ என எழுதுவாரும் உளர். இம்மூன்றனுள் தமிழ் இயல்புக்கு ஒத்தது எது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

இச்சொல் கிரேக்கத்திற் பிறந்தது. ஹோமரின் இலியத்தில் இது நோய்ப்பெயர் அன்று. கல்லெறியுண்டு வீழ்ந்த ஹெக்டரின் மூச்சுத் திணறலையே குறிக்கின்றது. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களிலேயே நோயைச் சுட்டக் காண்கின்றோம். கிரேக்கத்தில் இதற்கு அசை இரண்டு; இடையே ஸ், த், ம் என மூன்று மெய்கள் அடுத்து நிற்கும். இலத்தீன் வழி ஆங்கிலம் புகுந்த இச்சொல் 14ஆம் நூற்றாண்டில் தகர ஒலிக்குரிய எழுத்தின்றியே எழுதப்பட்டது. பின்னர்க் கிரேக்க மூலத்தை நோக்கிய புலவர்கள் அவ்வெழுத்தை மீட்டனர்; ஒலிப்பை மீட்டாரிலர். ஆங்கிலேயர் எழுதியும் ஒலியாது விட்ட தகரத்தைத் தமிழர் ஒலிக்கின்றனர். இதனைப் பிழை என்பார், ஆங்கில ஒலிப்பையே மூலமெனக் கொண்டு மயங்கினாராவர்.

இனி, உகரம். தமிழில் தகர மெய் தன்னொடு தானே மயங்குமன்றிப் பிற மெய்யொடு மயங்காது. ஆகவே ‘ஆஸ்த்மா’ தமிழ் நாவில் நில்லாது. வடமொழி இணைமெய்களுட் பின்னது மகரமோ வகரமோ ஆயின் இடையே உகரம் தோன்றும் என்பது நன்னூற் பதவியல் கூறும் விதி. பத்மம் பதுமம் ஆனதும், பக்வம் பக்குவம் ஆனதும் இதனால். வடமொழிக்கு வகுத்த விதிவழியே கிரேக்கச் சொல்லும் நடந்துள்ளது. நடத்தியோர் நன்னூல் கல்லாதார் என்பது கருதத்தக்கது.

அசை பிரிக்குங்கால் மாணவர் இடர்ப்படுவர். ஒலிநூல் வழி ‘ஆஸ்-து-மா’ என மூன்று அசை. யாப்பு வழியோ ‘ஆஸ்/துமா’, நேர் நிரை, கூவிளம். ‘ஆஸ்மா’ எனின் தேமா. ஒலியசையும் யாப்பசையும் ஒன்றல்ல.

புஸ்தகம் புத்தகம் ஆயினாற்போல ஸகரத்தையும் நீக்கலாகாதோ எனின், ‘ஆத்துமா’ என்றாகும். நோயாளி மருத்துவரை விடுத்துச் சமய குரவரைத் தேட நேரும்! ஆதலின் ஸகரம் நிற்பதே நன்று. கலைச்சொல் அகராதி தொகுப்போர் ‘ஆஸ்துமா’ என்பதையே தலைச்சொல்லாகக் கொள்ளுதல் வேண்டும். ‘இளைப்பு’ அதன் முதற்பொருளாக அமையலாம்.