நகலெடுப்பது திருட்டா?

நண்பனின் சைக்கிளை ஒருவன் எடுத்துச் சென்றால், நண்பன் நடந்துதான் வீடு போக வேண்டும். நண்பனிடம் உள்ள பாடலை நகலெடுத்துக்கொண்டால், பாடல் இருவரிடமும் இருக்கும். அப்படியிருக்க, இரண்டையும் ‘திருட்டு’ என்ற ஒரே சொல்லால் அழைப்பது சரியா?

இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை அனுமதியின்றி இசைத்தட்டுகளாக்கி மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பிய ஒருவர்மீது, திருட்டுப் பொருளைக் கடத்தியதாகவும் குற்றஞ்சாட்டப்பட்டது. 1985இல் நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. பதிப்புரிமையை மீறுவதும் ஒரு பொருளைப் பறித்துச் செல்வதும் ஒன்றல்ல என்பதே தீர்ப்பின் சாரம்.

திருட்டு இல்லை என்பதால் தவறே இல்லை என்றாகிவிடாது. ஒரு மின்னூலை ஆயிரம் முறை நகலெடுக்கச் செலவில்லை. ஆனால், அதை எழுத ஆசிரியர் உழைத்த ஆண்டுகளை நகலெடுக்க முடியாது. நம் நாட்டில் தமிழ் எழுத்தாளர்கள் பலர் சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் நூல் வெளியிடுகிறார்கள். அந்த நூல் பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வந்தால், போட்ட பணம்கூடத் திரும்பாது. அவருடைய அடுத்த நூல் வராமலே போகலாம்.

அதற்காக எல்லா நகலும் தவறு என்பதில்லை. மலேசியாவில், எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் கடந்தால் அவருடைய நூல் பொதுச்சொத்தாகிவிடும்; சிங்கப்பூரில் 70 ஆண்டுகள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இலவசமாகத் தருகிறது. திருக்குறளை அங்கிருந்து பதிவிறக்கம் செய்வதால் யாருக்கும் நட்டமில்லை.

இனி, பற்றாக்குறையே இல்லாத ஓர் உலகைக் கற்பனை செய்வோம். உணவு, வீடு, மருத்துவம் எல்லாம் எல்லாருக்கும் கிடைக்கிறது. நூல் விற்ற பணத்தில் அரிசி வாங்க வேண்டிய நிலை எழுத்தாளருக்கு இல்லை. அங்கே அவர் நூலை எத்தனை பேர் நகலெடுத்தாலும் அவருக்கு மகிழ்ச்சியே.

ஆனால், அட்டையில் வேறொருவர் தம் பெயரைப் போட்டுக்கொண்டால்? இப்போது எழுத்தாளரிடமிருந்து உண்மையிலேயே ஒன்று பறிபோகிறது. நூலை ஆயிரம் பேர் வைத்திருக்கலாம்; ‘இதை எழுதியவர் இவர்’ என்ற அங்கீகாரம் எழுதியவருக்கு மட்டுமே உரியது. வேறொருவர் அதை எடுத்துக்கொண்டால், சைக்கிளைப் போலவே அது உரியவரிடம் இல்லாமல் போகிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும், படைப்பாளரின் இசைவின்றி அவர் படைப்பை வேறு பெயரில் வெளியிடுவதைத் தடுக்கிறது.

மாணவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. இணையத்தில் கிடைத்த பத்தியை இடுபணியில் ஒட்டி, மேலே தன் பெயரை எழுதுவது மற்றவரின் உழைப்பைத் தனதாக்குவதாகும். அதே பத்தியை மேற்கோளாகக் காட்டி, எழுதியவர் பெயரையும் நூலின் பெயரையும் குறிப்பிட்டால் அது முறையான ஆய்வாகிறது. இடுபணியை அனுப்புவதற்கு முன் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.