மறதியும் மந்தநடையும்

மாணவர்களே, மூப்பில் பெயர்கள் சற்றுத் தாமதித்து நினைவுக்கு வருவது இயல்பே. காலையில் பேசியது மாலையில் அறவே மறந்து, அதே கேள்வி மீண்டும் மீண்டும் எழுமாயின், அது வேறு. உண்பது, உடுப்பது, கடைக்குப் போவது யாவும் பெரும்பாலும் தடையின்றி நடக்கும். நினைவு மட்டும் வயதுக்கு மிஞ்சித் தளரும். இவ்விடைநிலைக்கு, அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர்சன் குழுவினர் 1999-இல் இலக்கணம் வகுத்து எழுதினர். இலேசான அறிவாற்றல் குறைவு என்பது அதன் பெயர்.

வியப்பு யாதெனில், இது நடையிலும் தெரியும். பலருக்கு நடை மெதுவாகிறது. அடிகள் சீராக விழுவதில்லை. நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லுமாறு கேட்டால் தளர்ச்சி இன்னும் வெளிப்படும். நடப்பது கால் மட்டுமன்று, மூளையும்தான். சிலருக்கு மோப்பமும் குன்றும்.

திருமண வீட்டில் இவர்கள் ஓரமாக ஒதுங்கி அமர்வர். காது மந்தமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டா. "அப்போதே சொன்னேனே, தாத்தா!" என்று பேரன் சிரிக்கிறான், அச்சிரிப்புக்கு அஞ்சியே பாட்டனார் வாய்மூடுகிறார். வீட்டாரோ அதைக் கோபம் என்கின்றனர்!

பி12 வைட்டமின் குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் இத்தகைய மறதி வரும். மருத்துவத்தால் தெளிவு திரும்புவதுண்டு. எல்லோருக்கும் இது பெருமறதி நோயாக முற்றுவதில்லை. சிலர் பல்லாண்டு அந்நிலையிலேயே இருப்பர், சிலர் மீள்வர்.