கீழாநெல்லி இருக்கட்டும், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்கே?

கண் மஞ்சளானதும் பழவேற்காட்டுக் குப்பங்களில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடித்தால் காமாலை இறங்கிவிடும் என்பார்கள். பெரும்பாலும் இறங்கவும் செய்கிறது. சிக்கலே அதுதான். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ காமாலை பலருக்குச் சில வாரத்தில் தானாகவே ஆறிவிடும். பெயரைத் தட்டிக்கொண்டு போவது பச்சிலை. அந்தப் பேரை நம்பி ஹெபடைடிஸ் பி உள்ளவரும், பித்தக்குழாயில் கல் அடைத்தவரும், சேற்றில் இறங்கி எலிக்காய்ச்சல் வாங்கியவரும் மூன்று வாரம் வீட்டிலேயே கிடக்கிறார்கள். வயிறு வீங்கிய பிறகுதான் வண்டி பிடிக்கிறார்கள். இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துத்தான் எழுதுகிறேன்.

கீழாநெல்லியைப் பழிக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி ஆராய்ச்சிக்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்னொன்று: அந்த ஆய்வில் கொடுத்தது உலர்ந்த பொடி, 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். மோரில் கரைத்த கைப்பிடி இலையை யாரும் அதில் சோதிக்கவில்லை.

பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்பதும் தவறு. சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அது வேறு கதை. கையில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி மஞ்சளை 'இறக்கி'க் காட்டுகிறவரையும், சூடு போடுகிறவரையும் நம்பவே வேண்டாம். மாம்பட்டைச் சாறு தடவிய கையில் சுண்ணாம்பு நீர் பட்டால் காமாலை இல்லாதவனுக்கும் மஞ்சள் இறங்கும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? கண் மஞ்சளான அன்றைக்கே பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பிலிருபின், எஸ்.ஜி.பி.டி., ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர்., ஹெபடைடிஸ் பி-க்கான ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., சி-க்கான ஆன்டி ஹெச்.சி.வி. இந்த ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "இங்கே வசதி இல்லை" என்று சொன்னால் சும்மா திரும்பாதீர்கள். பொன்னேரி அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக "பொன்னேரி போங்க" என்பது சீட்டாகாது. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பி இருப்பது தெரிந்தால் வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை. பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி.

நோய்வாய்ப்பட்டவர் பகலெல்லாம் தூங்கினாலோ, பேச்சு குழறினாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சீட்டும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம், 108. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். ஹெபடைடிஸ் இ கடைசி மாதங்களில் உயிரைப் பறிக்கும். மறுபடி சொல்கிறேன், ஒரு நாள்கூட.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நோய் வந்த பிறகு தேடி அலைகிறவர்களே அதிகம். கடலில் வேலை இல்லாத நாளில் வாங்கி வைத்துக்கொள்ளலாமே. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று, குடும்ப அட்டை, ஆதார், இவற்றோடு திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும்.

சித்த மருந்துதான் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் ரத்த அறிக்கையைக் காட்டுங்கள். அரும்பாக்கத்திலும் தாம்பரம் சானடோரியத்திலும் அரசுச் சித்த மருத்துவமனைகள் இருக்கின்றன. பாட்டிலில் உரிம எண், தொகுதி எண், தயாரிப்பு தேதி, காலாவதித் தேதி நான்கும் இருக்க வேண்டும். இல்லையேல் வாங்காதீர்கள்.

மருந்து சாப்பிட்டு உடம்பு கெட்டுவிட்டால் முதலில் செய்யும் தவறு, மிச்சத்தைத் தூக்கி எறிவது. பாட்டில், இலை, ரசீது, மருத்துவமனை அறிக்கை எல்லாம் பத்திரம். பதிவில்லாத வைத்தியர் மீது திருவள்ளூர் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதிக் கொடுங்கள்; நகலைத் திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். மனு எண் இல்லாத மனுவுக்குப் பதில் வந்து நான் பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்கிய மருந்தானால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. விவரம் கேட்க 1915, இலவச வழக்கறிஞருக்கு 15100.