மூடினால் சுரக்கும் வாயில்

வீராணம் ஏரியின் மதகைத் திறந்தால்தான் வயல்களுக்குத் தண்ணீர் பாயும். நம் கணையத்திலோ ஒரு வாயில் மூடினால்தான் இன்சுலின் வெளிவருகிறது! இவ்விந்தையைச் சற்றுக் காண்போம்.

கணையத்தின் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளிலுள்ள பீட்டா செல்களே இன்சுலினைச் சுரப்பவை. நம் கடலூர்க் கடல்நீரைப் போலவே செல்லுக்கு வெளியே உள்ள நீரிலும் சோடியம் மிகுதி. உள்ளே பொட்டாசியம், வெளியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு. செல்லின் சவ்வில் பொட்டாசியத்துக்கென்றே புரத வாயில்கள் உண்டு. பசித்திருக்கும்போது அவை திறந்திருக்கும். நேர்மின்னூட்டமுள்ள பொட்டாசிய அயனிகள் வெளியே கசிவதால் உட்புறம் எதிர்மின்னூட்டம் பெற்று, செல் ஓய்ந்திருக்கிறது.

நாம் இட்லியோ சோறோ உண்டதும் குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறி, செல்லுக்குள் புகுந்து, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருளை உண்டாக்குகிறது. அது வாயிலில் ஒட்டி அதை அடைத்துவிடும். உடனே மின்னழுத்தம் மாறுகிறது. கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியம் இன்சுலின் பொதிகளை வெளியேற்றுகிறது. குளுக்கோஸ் இவ்வாயிலை மூடுவதை 1984-இல் வெளியிட்ட ஆக்ஸ்போர்டு குழுவில் முதன்மையானவர் பிரான்சஸ் ஆஷ்கிராஃப்ட் என்ற பெண்மணி என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

வாயில் மூடாமற்போனால்? சில குழந்தைகள் பிறந்து ஆறு மாதத்துக்குள்ளேயே நீரிழிவுக்கு ஆளாகின்றன. அவர்களுட் பலருக்கு வாயிலின் மரபணுவிலேயே பிழை என்பது 2004-இல் தெரிந்தது. இன்சுலின் உள்ளே இருக்கிறது, வெளிவர வழியில்லை. வாழ்நாள் முழுதும் ஊசிதான் என்றிருந்த நிலை அது. ஆனால் கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகள், ஏ.டி.பி.க்குக் காத்திராமல் தாமே வாயிலை அடைக்க வல்லவை. 2006-இல் வெளியான ஆய்வில் இத்தகைய 49 நோயாளிகளுள் 44 பேர் இன்சுலின் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறினர். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் நம் நாட்டுக் குழந்தைகளிடம் இப்பிழையைக் கண்டறிந்துள்ளனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆவாரம்பூவின் பெருமையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர், நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு அப்பூவின் சாற்றைக் கொடுத்து, அதே கிளிபென்கிளமைடுடன் ஒப்பிட்டு 2002-இல் முடிவை வெளியிட்டனர். எலிகளின் இரத்தச் சர்க்கரை குறைந்தது, இன்சுலின் கூடியது. எனினும் பூ இந்தப் பொட்டாசிய வாயிலைத்தான் அடைக்கிறது என்று அவ்வாய்வு நிறுவவில்லை. எலிக்குக் கண்ட குணத்தை நம்பி வீட்டிலுள்ளோர் மருந்தை நிறுத்திவிட்டு ஆவாரம்பூக் கஷாயம் மட்டும் குடித்தால், தடுக்க வேண்டியவர்கள் நாமே.