டீசல் பொறியின் குளிர்நிலைத் தொடக்கம்

டீசல் பொறியின் குளிர்நிலைத் தொடக்கம் என்பது, நெடுநேரம் நிறுத்தப்பட்டுக் குளிர்ந்துவிட்ட டீசல் பொறியை மீண்டும் இயக்குவதாகும். பெட்ரோல் பொறியில் இருப்பது போன்ற தீப்பொறிச் செருகி இதில் இல்லை. உருளையினுள் அமுக்கப்படும் காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆகவே குளிர் மிகுந்த நாடுகளில் சரக்குந்துகள் தொடங்கத் தாமதமாவதும் புகைவதும் பரவலாகக் காணப்படுகின்றன.

காரணங்கள்

இயல்பான இயக்கத்தில், அமுக்கத்தின் முடிவில் காற்றின் வெப்பநிலை 500 பாகை செல்சியஸைத் தாண்டும். குளிர்ந்த உருளைச் சுவர்கள் இவ்வெப்பத்தின் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்கின்றன. குளிரில் மின்கலத்தின் திறன் குறைந்து, மசகு எண்ணெயும் தடிப்பதால் பொறி மெதுவாகச் சுழல்கிறது. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைப்பதும் உண்டு.

முன்சூடேற்றும் அமைப்புகள்

வட அமெரிக்காவில் 1994 முதல் 2003 வரை ஃபோர்டு சரக்குந்துகளில் பயன்பட்ட 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் பொறியில், எட்டு உருளைகளுக்கும் தனித்தனியே குளோ பிளக் எனப்படும் சூடேற்றும் செருகி உண்டு. டாட்ஜ் ராம் சரக்குந்துகளின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் பொறியில் இச்செருகிகள் இல்லை. அதில் உட்செல்லும் காற்றையே ஒரு மின்சூடேற்றி சூடாக்குகிறது.

புகையின் நிறம்

* வெள்ளை: எரியாத டீசல் ஆவி. பொறி சூடான பின்னும் நீடித்து, குளிர்விக்கும் நீரும் குறைந்துவந்தால் நீர் உருளைக்குள் கசிகிறது எனலாம்.
* நீலம்: மசகு எண்ணெய் எரிகிறது.
* கறுப்பு: எரிபொருள் மிகுதி அல்லது காற்றுப் பற்றாக்குறை.

கண்டறியும் முறை

தொடக்கியைச் சுழற்றும்போது புகையே வராவிட்டால், எரிபொருள் உருளையை அடையவில்லை எனக் கொள்ளலாம். அப்போது எரிபொருள் வடிகட்டியையும் குழாய்களில் காற்றுக் கசிவையும் சோதிக்க வேண்டும். பவர் ஸ்ட்ரோக் பொறியின் உட்செலுத்திகள் உயரழுத்த எண்ணெயால் இயங்குவதால், அதில் எண்ணெய் அழுத்தத்தையும் அளக்க வேண்டும்.

வெள்ளைப் புகை வந்தும் பொறி தொடங்காவிட்டால், எரிபொருள் வருகிறது, ஆனால் பற்றவில்லை. முதலில் மின்கலத்தையும் சுழற்சி வேகத்தையும், அடுத்து முன்சூடேற்றிக்கு மின்சாரம் வருகிறதா என்பதையும் சோதிப்பர். குளோ பிளக்கின் மின்தடை மிகக் குறைவாக இருக்க வேண்டும்; மின்னோட்டமே பாயாவிட்டால் அது அறுந்துள்ளது. இவையாவும் சரியாக இருந்தால் மட்டுமே உருளைகளின் அமுக்க அழுத்தத்தை அளப்பர்.

எச்சரிக்கை

தொடங்காத பொறியின் காற்றுவழியில் ஈதர் தெளிக்கும் வழக்கம் உண்டு. குளோ பிளக்கோ மின்சூடேற்றியோ உள்ள பொறிகளில் ஈதர் உரிய நேரத்திற்கு முன்பே தீப்பற்றி, உந்துருளையை உடைக்கவும் அருகில் நிற்பவரைக் காயப்படுத்தவும் கூடும்.